வெள்ளை முடிச்சு

லட்சுமணசாமியின் வாயில் வராத சொல் ஒன்று உண்டென்றால் அது 'இல்லை'. போத்தனூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஐந்து அண்ணன்களுக்குப் பின்னால் பிறந்தவர். தட்டில் எது விழுந்தாலும் "போதுங்க" என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில், பிளாட்பாரத்தில் நின்ற யாரோ ஒருவர் "இந்த மூட்டையைச் சித்தெ புடி கண்ணு" என்று கொடுத்துவிட்டு, மறதியில் ரயிலேறிப் போய்விட்டாராம். "உங்க மூட்டைங்க" என்று கூவக் கூச்சப்பட்டுக்கொண்டு இவரும் அடுத்த பெட்டியில் ஏறி, பாலக்காட்டில் இறங்கிக் கொடுத்துவிட்டு வந்தாராம். திரும்பும்போது கையில் ஒரு கோழி இருந்தது. மூட்டைக்காரர் அன்பாகக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. கோழி வழியில் முட்டையிட்டதாகவும், அதை டிக்கெட் பரிசோதகருக்குக் கொடுத்ததாகவும் சொல்கிறவர்கள் உண்டு. அதைக் கோழிதான் வந்து சொல்ல வேண்டும்.

இப்படிப்பட்டவரிடம், பெண் பார்க்க வந்த இடத்தில் ரங்கராஜ், "எனக்கு ராமாமணி ஒரே மக. நீங்க வீட்டோட இருந்துருங்க மாப்ள" என்று கேட்டால் என்ன பதில் வந்திருக்கும்? வந்துவிட்டார். பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் கிணற்றுப் பாசனக் காடு, தோட்டத்தோடு ஒட்டிய ஓட்டு வீடு. ரங்கராஜ் தோட்டத்தில் நின்று மாட்டை அதட்டினால் மேட்டுப்பாளையம் ரயில் சிக்னல் என்று நினைத்து நின்றுவிடும், அப்படி ஒரு தொண்டை. ஆனால் மருமகனிடம் மட்டும் அது வெண்ணெயாக உருகும். பந்தியில் முதல் கரண்டி மருமகன் தட்டில் விழுந்தால்தான் அவர் தன் தட்டைத் தொடுவார்.

வீட்டோடு மாப்பிள்ளைக்குத் தெலுங்குக்காரர் வீடுகளில் 'இல்லரிகம்' என்று கௌரவமாக ஒரு பெயர் உண்டு. பெயர் என்னவாக இருந்தாலும், மாமனார் மண்ணில் விளைந்த சோற்றை மாமனார் வீட்டு நிழலில் உட்கார்ந்து தின்கிறவனுக்குத் தொண்டையில் ஒரு பருக்கை எப்போதும் நின்றுகொண்டுதான் இருக்கும். அந்தப் பருக்கையை விழுங்குவதற்காகத்தான் லட்சுமணசாமி வேலையில் அவ்வளவு கெட்டியாக இருந்தார்.

வேலை என்பது, ஊருக்குள் இரண்டு மோட்டார் பட்டறைகளுக்கு நடுவே நசுங்கிக்கொண்டு நின்ற ஒரு சிறு கம்பெனியில். பயறு, கடலை, பீன்ஸ் விதைகளில் தடவுகிற பாக்டீரியாவைக் குடுவைகளில் வளர்த்து, கறுப்பு நிலக்கரிப் பொடியில் கலந்து, பாக்கெட் போடுவார்கள். பாக்டீரியா வேலை செய்கிறதா என்று பார்ப்பது லட்சுமணசாமியின் பொறுப்பு. வேரில் கட்டிய முடிச்சைப் பிடுங்கி, கேரட் துண்டுக்குள் செருகி, சவரப் பிளேடால் சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைப்பார். அவர் சீவிய சீவலைத் தினத்தாள் மேல் வைத்தால் செய்தியைப் படிக்கலாம். ஊதினால் அடுத்த பட்டறைக்குப் பறந்து போய்விடும்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம், ஐப்பசி மழை நின்ற சமயம். ரங்கராஜ் குத்துச்செடி பீன்ஸ் போடுவதாக முடிவு செய்திருந்தார். யூரியா மூட்டை திண்டு மாதிரி சுவரோரம் சாய்ந்திருந்தது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்த லட்சுமணசாமிக்கு, இந்த வீட்டுக்கு நாமும் ஒன்று செய்யலாமே என்று தோன்றியது.

"மாமா, இந்த வாட்டி அந்த மூட்டை வேண்டாங்க. நம்ம பாக்கெட்டுப் போட்டுப் பார்க்கலாங்க."

"அந்தக் கரிப்பொடியா? அது என்னத்தப் பண்ணுமுங்க?"

லட்சுமணசாமி சோற்றில் பாத்தி கட்டி ரசத்தை நிறுத்திவிட்டு விளக்கினார். "வேர் ஒரு வீடுங்க மாமா. பாக்டீரியா வாசல்ல வந்து நிக்குமுங்க. வேரோட நுனி முடி அதைப் பார்த்ததும் கொக்கியாட்டம் வளைஞ்சு புடிச்சுக்கும். அப்பறம் உள்ளுக்குள்ள ஒரு குழாய் மாதிரி வழி விட்டு, செல்லுக்குள்ள கூட்டிட்டுப் போயிரும். செல்லுங்கறது ரூமுங்க. ஒவ்வொரு ரூமுலயும் ஆயிரக்கணக்குல அடைஞ்சுக்குமுங்க. செடி சும்மா அடைய விடாது. ஒண்ணு ரெண்டாப் பிரிச்சு, மேல ஒரு மெல்லிசுத் தோல் போத்தித்தான் உக்கார வெக்கும். செடி சர்க்கரை குடுக்கும், அது காத்துல இருக்கற நைட்ரஜனைப் புடிச்சு உரமாக்கிக் குடுக்கும்."

ரங்கராஜ் யோசித்தார். "அப்ப வந்த ஊட்டுலயே தங்கி, தின்னுட்டு, வேலையும் செய்யுமுங்களா? ராமாமணி, கேட்டியா? இதுவும் வீட்டோட மாப்ளைதான்!"

சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது. லட்சுமணசாமியும் சிரித்தார். மறுநாளே ரங்கராஜ் யூரியா மூட்டையை மொபெட்டில் வைத்துக் கொண்டுபோய்ப் பக்கத்துத் தோட்டத்துச் சென்னியப்பன் வீட்டு வாசலில் இறக்கினார். இருவரும் ஒரே கிணற்று மேட்டில் பல் விளக்கியவர்கள்; ஒருவர் தக்காளி இன்னொருவர் தக்காளியை விடப் பெரிது என்று நிரூபிப்பதிலேயே வயதாகிவிட்டவர்கள்.

"இந்தா சென்னியப்பா. இது உனக்கு உதவும். என்ற மாப்ள காத்துலயே யூரியா எடுக்கறாரு."

விதைப்புக்கு நாள் குறித்தாயிற்று. மண்ணுக்கு மேலே காய்க்கிறதை மேல்நோக்கு நாளில்தான் விதைக்க வேண்டும். பஞ்சாங்கம் சொன்ன அந்த நாளில்தான் ஊரே விதைக்கும். லட்சுமணசாமி பீன்ஸுக்கான பாக்டீரியாவைத் தானே வளர்த்து, தானே கலந்து, முந்தின நாள் மாலை ஈரச்சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு கிளம்பினார். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் சென்னியப்பன் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க மாப்ள, அதென்னுங்க சாக்குல, புள்ளையாட்டம் அணைச்சுட்டு வாரீங்க?"

"பீன்ஸ் பாக்கெட்டுங்க."

"அட, என்னையும் நெனச்சுக் கொண்டாந்தீங்களா! நாளைக்கு நானும் பீன்ஸ்தானுங்க ஊணறேன். உங்க மாமனார் மூட்டையக் கொண்டாந்து போட்டு நக்கலடிச்சுட்டுப் போயிருக்காரு, நான் மட்டும் எளைச்சவனுங்களா? தங்கம்ங்க நீங்க."

'இல்லீங்க, இது மாமாவுக்கு' என்பது அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சு வரை வந்து, நாக்கு நுனியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, வந்த வழியே திரும்பிப் போயிற்று. ஈரச்சாக்கு சென்னியப்பன் கைக்கு மாறியது.

லட்சுமணசாமி கம்பெனிக்கு ஓடினார். பீன்ஸ் பாக்கெட் ஒன்றுகூட மிச்சமில்லை. புதிதாக வளர்க்க ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். அலமாரி நிறைய இருந்ததெல்லாம் நிலக்கடலைக்கானது. வீட்டுக்குப் போய், 'உங்களுக்கு வைத்திருந்ததைச் சென்னியப்பனுக்குக் கொடுத்துவிட்டேன், அடுத்த மேல்நோக்கு நாளுக்குத் தள்ளிப்போடலாம்' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த வாக்கியத்தைச் சொல்ல முடிகிறவருக்கு இந்தக் கதையே வந்திருக்காது. பக்கத்துப் பட்டறையில் பெயிண்ட் கரைக்கிற தின்னர் கொஞ்சம் வாங்கி, பாக்கெட்டின் மேல் அடித்திருந்த 'நிலக்கடலை' முத்திரையைத் துணியால் தேய்த்து அழித்தார். கண்ணில்லாத உயிர், கடலை வேருக்கும் பீன்ஸ் வேருக்கும் வித்தியாசம் அதற்கு என்ன தெரியப்போகிறது என்று தேய்க்கும்போது சொல்லிக்கொண்டார். தெரியும் என்று அவருக்குத் தெரியும். விரலெல்லாம் தின்னர் வாசம்; இரண்டு தடவை சோப்புப் போட்டும் சோற்றில் அந்த வாசம் வந்தது.

காலையில் ரங்கராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆறின சோற்றுக் கஞ்சியில் பொடியைக் குழைத்து, விதையைப் போட்டுப் புரட்டி, நிழலில் உலர்த்தினார். கோயில் பிரசாதம் கலக்கிறவர்கூட அவ்வளவு பக்தியாகக் கலக்கியிருக்க மாட்டார்.

"மாப்ள, மொத விதை உங்க கையால விழட்டுமுங்க."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? விழுந்தது.

செடி எழுந்து மூன்றிலை விட்டுக் கொஞ்ச நாளானதும் ரங்கராஜ் ஒன்றைப் பிடுங்கி மண்ணை உதறினார். வேர் முழுக்க முடிச்சு, கடுகைத் தூவினாற்போல. தோட்டமே அதிர ஒரு சத்தம் போட்டார். அன்றிலிருந்து போகிற வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு செடி பலி. பால்காரருக்கு ஒன்று, கரண்ட் கணக்கெடுக்க வந்தவருக்கு ஒன்று, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களுக்கு ஆளுக்கொன்று. சென்னியப்பனும், தனக்கும் மாப்பிள்ளை பாக்கெட் கொடுத்ததைச் சொல்லிக்கொண்டு, தன் செடி ஒன்றோடு வேலியோரம் வந்தார். அதில் முடிச்சு கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றும் கொத்தமல்லி விதைப் பருமன்.

"இதென்ன சென்னியப்பா, எண்ணி வெச்சாப்புல இருக்குது? ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து! என்றதப் பாரு, ஐப்பசி மழையாட்டக் கொட்டியிருக்குது."

"கை ராசிங்ணா. உங்க மாப்ள உங்களுக்கு ஸ்பெசலாத்தான குடுப்பாரு?" என்றார் சென்னியப்பன்.

லட்சுமணசாமி கிணற்றுக்குப் பின்னால் போய் மாமனார் காட்டு முடிச்சு ஒன்றை நகத்தால் கீறினார். உள்ளே வெள்ளை. சென்னியப்பன் வேலியோரம் போட்டுவிட்டுப் போன செடியின் முடிச்சைக் கீறினார். கொய்யாப்பழத்தின் உள்பக்கம் போல இளஞ்சிவப்பு. வேலை செய்கிற முடிச்சுக்குள்தான் அந்தச் சிவப்பு ஊறும். நம் ரத்தத்தின் சிவப்புக்கு ஒன்றுவிட்ட உறவு அது.

சந்தேகத்துக்கு இடமில்லை, ஆனாலும் இரண்டையும் கம்பெனிக்குக் கொண்டுபோய்ச் சீவினார். சென்னியப்பன் முடிச்சை வைத்துக் கண்ணைக் கொடுத்தால், வெளியே தோல், அதற்குள் சுற்றுச்சுவர் போல அடுக்குச் செல்கள், அதில் வரிசையாகத் தண்ணீரும் சர்க்கரையும் போய்வருகிற குழாய்கள், நடு மையத்தில் ஊதிப் பருத்த செல்கள். ஒவ்வொன்றிலும், தைப்பூசத்துக்குப் பழனி போகிற ரயில்பெட்டி மாதிரி விளிம்பு வரை பாக்டீரியா. இடையிடையே பாக்டீரியா புகாத சின்னச் செல்கள், கூட்டத்துக்குப் பந்தி பரிமாறுகிறவர்களைப் போல.

மாமனார் முடிச்சை வைத்தார். சுவர் இருந்தது, குழாய் இருந்தது, அறைகளும் இருந்தன. அறைகளுக்குள் பெரும்பாலும் வெறும் தண்ணீர்ப்பை. அங்கொன்றும் இங்கொன்றுமாக உட்கார்ந்திருந்த பாக்டீரியாவும் உருக்குலைந்து கிடந்தது. செடி அனுப்பி வைத்த சாப்பாடு மட்டும் மாவுமணிகளாக ஓரமெல்லாம் குவிந்து கிடந்தது. வந்தவன் உட்கார்ந்துகொண்டான், வீட்டுக்காரன் பரிமாறிக்கொண்டே இருக்கிறான், கைம்மாறாக ஒரு துளியும் இல்லை. 'இதுவும் வீட்டோட மாப்ளைதான்' என்ற மாமனாரின் சிரிப்பு மைக்ராஸ்கோப் குழாய்க்குள்ளிருந்து கேட்டது போலிருந்தது. கண்ணை எடுத்துவிட்டார்.

இலை வெளிறத் தொடங்கியது. "இளம்பச்சைங்க, அது ஒரு அழகு" என்றார் ரங்கராஜ். அடியிலை மஞ்சளானது. "வெயிலுங்க" என்றார். ராமாமணிதான் கணவனின் தட்டைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நாலு நாளா சோத்தப் பிசைஞ்சுட்டே உக்காந்துருக்கறீங்க. என்னங்க ஆச்சு?"

சொன்னார், தின்னர் உட்பட. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நைனாகிட்டச் சொல்லிப்போடுங்க. கத்துவாரு. கத்திப்போட்டு ஒரு சொம்பு மோர் குடிப்பாரு. பூ எடுக்கறதுக்குள்ள யூரியா வெச்சா காடு பொழைச்சுக்கும். சொல்றீங்களா?"

"சொல்றேன்."

அவளிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாததால் வந்த 'சொல்றேன்' அது. சொல்லவில்லை. அந்த வாரமே ரங்கராஜ் சத்தியமங்கலத்துக்கு ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கிளம்பினார். லட்சுமணசாமி சென்னியப்பன் வீட்டுக்குப் போய், மாமனார் இறக்கிவைத்த அதே மூட்டையைக் கேட்டார்.

"எதுக்குங்க மாப்ள?"

"ஒரு டெஸ்டுங்க."

"டெஸ்டுக்கு ஒரு மூட்டைங்களா?" சென்னியப்பன் அவர் முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை என்று மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டார். அந்த மரியாதை மூட்டையை விடக் கனத்தது.

மாமனார் இல்லாத பகலில், மாமனார் காட்டுக்குள் மருமகன் திருடன் போலப் புகுந்து, ஒவ்வொரு செடிக்கும் யூரியா வைத்துத் தண்ணீர் கட்டினார். திருடர்களில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன திருடர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கல்யாணம் முடித்து, அப்படியே உறவுக்காரர் வீடுகளிலெல்லாம் விருந்தும் முடித்துத் திரும்பிய ரங்கராஜ், தோட்டத்து வாசலிலேயே நின்றுவிட்டார். காடு கரும்பச்சையில் மினுங்கியது.

"மாப்ள! பார்த்தீங்களா? சித்தெ நாள் அதுக்கு ஊடு புடிபடலை. இப்ப வேலையத் தொடங்கிருச்சு!"

ஒரு பொய்யை மறைக்க வைத்த உரம் பொய்க்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. லட்சுமணசாமி "ஆமாங்க மாமா" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ரங்கராஜ் ஊரையே காட்டுக்கு அழைத்தார். வந்தவர்களுக்கெல்லாம் காபி. வரப்பில் நின்று, கையில் ஒரு செடியை வேரோடு தூக்கிப் பிடித்து, மைக் இல்லாமல் கோயமுத்தூருக்கே கேட்கிற குரலில் பேசினார். "ஒரு கைப்பிடி யூரியா போடலீங்க. பச்சையப் பாருங்க, முடிச்சப் பாருங்க. என்ற மாப்ள குடுத்தது. இனி நம்மூருக்குள்ள யூரியா மூட்டை வரக்கூடாதுங்க!"

கூட்டத்தின் ஓரத்தில் மயில்சாமி நின்றிருந்தார். சின்னக் குத்தகைக் காடு. அதைத் தவிர அவருக்கு வேறு விளைச்சல் கிடையாது. அந்த வருடம் அவரும் பீன்ஸ் போட்டிருந்தார். விதைப்பு தள்ளிப்போனதால் பயிர் இன்னும் சிறிசு. விதைக்கு லட்சுமணசாமி கம்பெனிப் பாக்கெட் எதுவும் தடவவில்லை.

"அண்ணா சொன்னாச் செரிதானுங்க" என்றார் மயில்சாமி. "என்ற செடியிலயும் இதேயாட்டம் பொடிப்பொடியா முடிச்சு இருக்குதுங்க, தானாவே. அப்ப வாங்கி வெச்ச யூரியாவத் திருப்பிக் குடுத்துப்போடறனுங்க. ஏனுங்க மாப்ள, குடுத்தர்றதுங்களா?"

எல்லாரும் லட்சுமணசாமியைப் பார்த்தார்கள். மாமனாரின் முகத்தில் அவ்வளவு பெருமை. ராமாமணி காபித் தம்ளர்களோடு நின்றவள் நகரவில்லை. தலையாட்டினால் போதும். பிறந்ததிலிருந்து ஆட்டிய தலைதான்.

"இல்லீங்க" என்றார் லட்சுமணசாமி.

அந்தச் சொல் அவருக்கே யாரோ பேசியது போலக் கேட்டது. இன்னொரு முறை சொன்னார். "இல்லீங்க. குடுத்தராதீங்க."

சட்டைப்பையிலிருந்து பிளேடை எடுத்தார். மாமனார் கையிலிருந்த செடியை வாங்கி, முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டி உள்ளங்கையில் பரப்பினார். எல்லாம் வெள்ளை. வேலிக்கு அந்தப் பக்கம் போய்ச் சென்னியப்பன் காட்டுச் செடி ஒன்றைப் பிடுங்கி வந்து வெட்டினார். சிவப்பு. "வேலை செய்யறது இதுங்க. மாமா காட்டுல இருக்கறது, செடி குடுத்த சோத்தத் தின்னாமக் குமிச்சு வெச்சுட்டுச் சும்மா உக்காந்துருக்குதுங்க. எண்ணிக்கையப் பார்க்காதீங்க, உள்ள நெறத்தப் பாருங்க." அப்புறம் டீக்கடை, கடலைப் பாக்கெட், தின்னர், எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ரயிலை நிறுத்துகிற தொண்டையிலிருந்து ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"பச்சையானது?" என்றார் ரங்கராஜ்.

"நீங்க சத்தியமங்கலம் போயிருந்தப்ப யூரியா வெச்சனுங்க, மாமா."

ரங்கராஜ் திரும்பினார். "சென்னியப்பா, உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்ணா." தலையைச் சொறிந்துகொண்டு, "பாதி தெரியுமுங்ணா" என்றார் சென்னியப்பன். பிறகு லட்சுமணசாமியிடம் குரலைத் தாழ்த்தி, "இது மாமாவுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன கோவிச்சுக்கவாங்க போறேன் மாப்ள?" என்றார்.

கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். இதற்குத்தான் லட்சுமணசாமிக்குக் கண் கலங்கியது. ரங்கராஜ் காபித் தம்ளரை வரப்பில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தார். அவர் எப்போதும் தோளில் போடும் துண்டு செடிகளுக்கு நடுவே விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

மத்தியானம் பந்தியில் உட்கார்ந்தார்கள். ராமாமணி கரண்டியை எடுத்துக்கொண்டு யார் பக்கம் போவதென்று நின்றாள்.

"மாப்ளைக்கு வை" என்றார் ரங்கராஜ், சுவரைப் பார்த்துக்கொண்டு.

சோறு விழுந்தது. லட்சுமணசாமியின் கை அதில் இறங்கவில்லை. வெள்ளை வெளேரென்று குவிந்திருந்த பருக்கைகளைப் பார்க்கப் பார்க்க, செல்லோரம் தின்னாமல் குவிந்த மாவுமணிகள்தான் நினைவுக்கு வந்தன.

"தின்னாமக் குமிச்சு வெச்சுட்டு உக்காந்துருந்தா அந்தப் பூச்சிக்கும் உங்களுக்கும் என்னங்க வித்தியாசம்?" ரங்கராஜின் குரல் கரகரத்தது. "தின்னுங்க. தின்னுட்டு மயில்சாமி காட்டுக்குப் போய் வெட்டிப் பார்த்துச் சொல்லோணும். அவனுக்கு இருக்கறது அந்த ஒரு காடுங்க."

மோர் குடிக்கவில்லை அவர். அன்றைக்கு மட்டுமல்ல, தை முடிகிற வரைக்கும் மருமகனிடம் வேலையைத் தவிர வேறு பேச்சுப் பேசவில்லை. லட்சுமணசாமி மயில்சாமி காட்டுக்குப் போனார், அங்கேயும் வெள்ளைதான். தானே கூட நின்று யூரியா வைத்துக் கொடுத்தார்.

அடுத்த பருவத்தில் பீன்ஸ் பாக்கெட்டை ஊரறியக் கொண்டுவந்தார். வழியில் கேட்டவர்களிடம் "இல்லீங்க, இது மாமாவுக்கு" என்று சொன்னார்; சொல்லும்போதெல்லாம் திக்கியது. ரங்கராஜின் சட்டைப்பையில் அதற்குள் பீடிக்கட்டோடு ஒரு பிளேடும் குடியேறியிருந்தது. ஊரில் யார் செடியைத் தூக்கிக்கொண்டு பெருமை பேச வந்தாலும், "வெட்டிப் பார்த்துப்போட்டுப் பேசலாம், குடு" என்பார். கட்டைவிரலில் எப்போதும் இரண்டு வெட்டுக்காயம்.

செடி பூவெடுக்கும் முன்னால் ஒரு காலை, வரப்பில் குத்தவைத்து ஒரு முடிச்சை வெட்டினார். எழுந்து வந்து, கட்டைவிரலை மருமகன் முகத்துக்கு நேரே நீட்டினார். நுனியில் இளஞ்சிவப்பு ஈரம்.

"மாமா, அது உங்க ரத்தமாட்ட இருக்குதுங்க" என்றார் லட்சுமணசாமி, பயந்துபோய்.

ரங்கராஜ் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டும் இருக்குதுங்க" என்றார். வெகு நாளைக்கப்புறம் தோட்டம் அதிரச் சிரித்தார்.

அன்று மத்தியானம் அவர் ஒரு சொம்பு மோர் குடித்தார். லட்சுமணசாமி வயிறார உண்டார். பிறகு, ராமாமணி எவ்வளவு தடுத்தும் கேட்காமல், தன் தட்டைத் தானே கொண்டுபோய்க் கிணற்றடியில் கழுவிக் கவிழ்த்து வைத்தார்; இந்த வீட்டுக்கு வந்த நாள் முதலான அந்தப் பழக்கம் மட்டும் அவரை விட்டுக் கடைசி வரை போகவில்லை.